துருவுக்குள் இருக்கும் மரம்

மண்ணுக்குள்ளிருந்து வந்த இரும்பைக் கையில் வாங்கியதும் துருவைத் துடைக்கத்தான் எவருக்கும் கை போகும். எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த பெரியவர் அதை நன்றாகத் தெரிந்தவர். முதல் நாளே பிரஷ், ஸ்கால்பெல், பஞ்சு, அசிட்டோன் எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு தட்டில் கருஞ்சிவப்பான துண்டு ஒன்றை வைத்து என் முன்னால் நகர்த்தினார். கூடவே ஒரு லென்ஸ். "தொடாம பாருல. என்ன தெரியுதோ அத மட்டும் எழுது. மத்தியானம் வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது ஒரு கத்தியின் அடிப்பாகம். கைப்பிடிக்குள் செருகுவதற்காகக் கொல்லர் நீட்டி அடித்திருந்த முனை. வெறும் கண்ணுக்கு அது துருக்கட்டி. லென்ஸில் பார்த்தபோது அதன் மேல் மெல்லிய கோடுகள் தெரிந்தன. எல்லாம் ஒரே திசையில் ஓடின. கோடுகளுக்கு நடுவே ஊசி குத்தியது போன்ற துளைகள். நான் வேதியியல் படித்தவன். துரு தன் போக்கில் வளர்ந்தால் இப்படி வரிசை பிடிக்காது என்பது தெரியும். தெரிந்ததை எழுதி வைத்தேன். மத்தியானம் வந்து படித்தவர் சொன்னார்: "அது கைப்பிடி மரம்ல. ஆனா அதுல மரம்னு ஒரு பொட்டுகூட இப்பம் கிடையாது."

என் பிழைப்பு முழுக்க அந்த இரண்டு வாக்கியங்களுக்குள்தான் நடந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

நடப்பது இதுதான். மரப்பிடி போட்ட இரும்புக் கத்தி ஈர மண்ணில் கிடக்கிறது. இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும்போது அதன் உப்புகள் ஈரத்தில் கரைந்து, ஒட்டியிருக்கும் மரத்துக்குள் இறங்குகின்றன. மரம் என்பது மிக நுண்ணிய குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்களின் சுவரிலும் உள்ளேயும் இரும்பு உப்பு படிகிறது. மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை அதனால் தாமதப்படுகிறது. இந்தத் தாமதம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். மரம் மட்கி மறைவதற்குள் இரும்பு அதன் ஒவ்வொரு கண்ணறையையும் நிரப்பிவிட வேண்டும். நிரப்பிவிட்டால், பிறகு மரம் போனாலும் மரத்தின் உரு போவதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் நீர் ஏறிய குழாய்கள், குறுக்கே ஓடும் கதிர்கள் எல்லாம் தெரியும். நிலைமை நன்றாக இருந்தால் எந்த வகை மரம் என்றுகூடச் சொல்லலாம்.

புத்தகத்தில் தொல்லுயிர்ப் படிவம் என்று படிப்பதும் இந்த நிகழ்ச்சியைத்தான். காலமும் பொருளும் வேறு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையானவை. அங்கே இரும்புக்குப் பதில் மணற்சத்து, சிலிக்கா. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்ட மரங்கள் அவை. அதனால்தான் கிளையும் வேரும் இல்லாமல் வெறும் தண்டாகக் கிடக்கின்றன. மணலுக்குள் புதைந்து, சிலிக்கா கரைந்த தண்ணீர் ஊறி ஊறிக் கல்லானவை. பிரெஞ்சு இயற்கையியலர் சொன்னரா 1781-லேயே அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கிடப்பது இன்னும் மூத்தது. 18 மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைத் தண்டு. 1940-இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. அங்கே கடல் இருந்த காலத்து மரம் அது. அதைச் சுற்றியுள்ள அரியலூர் மண்ணிலிருந்து வெட்டி எடுத்துச் சிமெண்டாக்கி வீடு கட்டுகிற சுண்ணாம்புக் கல்லில் இருப்பதும் அந்தக் கடலின் கிளிஞ்சல்தான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க எனக்கு ஓர் உவமை போதுமாக இருந்தது: திருச்செந்தூர்க் கோயில். பழைய கோயில் கடற்கரை மணற்பாறையால் கட்டப்பட்டது. உப்புக்காற்றில் அந்தக் கல் அரித்துக்கொண்டே போனது. மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்று மூன்று துறவிகள் ஒருவர் பின் ஒருவராக முன்னின்று, பழைய கல்லை எடுத்துக் கருங்கல்லை வைத்து, 1941-இல் குடமுழுக்கு நடந்தது. இன்று நாம் நிற்பது வேறு கல்லில்தான். ஆனால் அது வேறு கோயில் என்று யாரும் சொல்வதில்லை. மரம் கல்லாவதும் அப்படி ஒரு திருப்பணிதான். ஒரு துணுக்கு வெளியே போகும்போது அதே இடத்தில் வேறொன்று உட்கார வேண்டும். மொத்தமாக இடித்துவிட்டு மொத்தமாகக் கட்டினால் உரு தப்பாது.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் தாமிரபரணி ஆற்றுக்கு வடகரை. தென்கரையில் சில கிலோமீட்டர் மேற்கே போனால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. நூறு ஏக்கருக்கு மேல் பரந்த மேட்டு நிலம். மேலே சரளை, கீழே சிதைந்த வெண்கல் பாறை. அந்தப் பாறையைக் குடைந்து குழி பறித்து அதில் இறந்தவர்களை வைத்த தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். விளைகிற நன்செய் நிலத்தில் ஒரு பிடிகூட இடுகாட்டுக்குக் கொடுக்கவில்லை. விவசாயிக்கு மதிப்புள்ள இடத்தை விட்டு, ஏர் இறங்காத இடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். இந்த முடிவுதான் அவற்றைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். வெள்ளம் ஏறாத மேடு; தண்ணீர் தேங்காத சரளை. வயலுக்குள் புதைத்திருந்தால் ஆயிரம் போகம் உழுது, நமக்கு ஓட்டுச் சில்லுகூட மிஞ்சியிருக்காது.

1876-இல் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்ததைக் கொண்டுபோனார். அதன் பிறகு அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; பட்டியல் 1915-இல் அச்சானது. ரீயின் குறிப்புகளில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. இரும்புக் கருவிகள் எல்லாம் முனை கீழ்நோக்கியே இருந்தன, துக்கத்துக்கு வந்தவர்கள் சுற்றியிருந்த மண்ணில் குத்தி வைத்ததைப் போல, என்று எழுதுகிறார். வாளையும் வேலையும் மண்ணில் குத்திவிட்டுத் திரும்பிப் போன ஆட்கள். அந்தக் கைகள் கடைசியாகப் பிடித்தது கைப்பிடி மரத்தைத்தான். துருவுக்குள் நிற்பதும் அதே மரம். அதனால்தான் அந்தத் துருவை யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

துணியும் இப்படித்தான் தங்குகிறது. ஈட்டி முனையைத் துணியில் சுற்றி வைத்திருந்தால் துணியின் பாவும் ஊடும் துருவில் பதிந்துவிடும். நூல் எந்தப் பக்கமாக முறுக்கப்பட்டது, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்பதை எண்ணலாம். வெண்கலத்தோடு ஒட்டிக் கிடந்த துணியின் கதை வேறு. செம்பு உப்பு நுண்ணுயிர்களுக்கு விஷம். அதனால் வெண்கலக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிய பருத்தி இழை, உரு மாத்திரமாக இல்லாமல் இழையாகவே சில நேரம் மிஞ்சியிருக்கும், பச்சையாக, நாராக. முதல் தடவை அதைப் பார்க்கிறவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

இந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் மரியாதையான ஒரு தொடக்கம் உண்டு. 1930-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தைத் தொடங்கினார். வெண்கலச் சிலைகளைப் பச்சைப் பொடியாக அரிக்கும் நோயை மின்பகுப்பு முறையில் நிறுத்தியவர் அவர். இன்று நாம் பார்க்கிற பல திருமேனிகள் அந்தக் கைகளால் பிழைத்தவை. மின்பகுப்பு அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நம்பப்பட்ட மருந்து. இரும்புக்கும் அதையே செய்தார்கள், எல்லா நாட்டிலும். துரு உதிர்ந்து உலோகம் மின்னும். உதிர்ந்த துருவோடு மரமும் துணியும் தொட்டியின் அடியில் வண்டலாகப் போகும். பொருளின் உண்மையான மேற்பரப்பு துருவுக்குள்தான் இருக்கிறது, உலோகத்தில் இல்லை என்ற அறிவு பிற்பாடு வந்தது. இப்போது நாங்கள் முதலில் எக்ஸ்ரே எடுக்கிறோம். அப்புறம் லென்ஸ். ஸ்கால்பெல் கடைசியில்தான்.

அகழாய்வுத் தளத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கு என் நிதானம் ஆச்சரியமாக இருக்கும். மண்ணை நிறம் பார்த்துப் பிரிக்கிறதில் அவர்களுக்கு இருக்கிற கூர்மை படித்து வருவதில்லை. தாழியின் விளிம்பு அரை அங்குலம் தெரிந்தவுடனே மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களில் மூத்த ஓர் ஆச்சி ஒருநாள் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். "என்ன சார், துருப்புடிச்ச இரும்ப இம்புட்டு நேரமா பாத்துக்கிட்டு இருக்கிய? பழைய இரும்புக்காரன்கூட கிலோவுக்குத் துட்டு கொறைப்பானே" என்றார். லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "இது அருவா புடியில்லா. எங்க வீட்டு அருவாளுக்கும் இப்படித்தான் ரேகை ஓடும்" என்றார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிடித்துப் பழகிய கைக்குத் தெரிந்துவிட்டது.

அதே ஆச்சிதான் உமியைப் பற்றியும் சொன்னார். தாழிக்குள் வைத்த கலயங்களில் நெல் உமியும் தினை வகை உமியும் இருந்ததை ரீயே குறித்திருக்கிறார். எங்களிடம் வந்த மண்ணிலும் உமி இருந்தது. அரிசி போய்விட்டது; உமி நிற்கிறது. ஏன் என்று இளையவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நெற்பயிர் வயல் தண்ணீரோடு சிலிக்காவை உறிஞ்சி, அதை உமியின் தோலில் கொண்டுபோய் வைக்கிறது. உமியை எரித்தால் வரும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமாக சிலிக்காதான். அதாவது நெற்பயிர் உயிரோடு இருக்கும்போதே தனக்குரிய கல்லைத் தானே செய்து வைத்துக்கொள்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, "அதான் உமிக்கரில பல்லு வெளக்கினா அப்படிப் பளிச்சுங்குது" என்றார். அவ்வளவு பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டை அதற்கு முன்பு நான் எந்தப் பாடத்திலும் கேட்டதில்லை. அன்று முதல் அதைத்தான் நானும் சொல்லி வருகிறேன்.

எங்கள் வட்டாரத்துச் சிவகளையில், ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடைத்த நெல் உமியைப் பகுப்பாய்வு செய்ததில் கி.மு. 1155 என்று காலம் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அதை அறிவித்த அன்று ஊரில் எல்லோரும் தாமிரபரணியின் பழம்பெயரில் பொருநை நாகரிகம் என்று பேசினார்கள். எனக்கு அந்தத் தாழியின் மூடிமேல்தான் நினைப்பு போனது. மூடி நன்றாக அமர்ந்திருந்தால்தான் உள்ளே இருப்பது கெடாமல் நிற்கும். மூடி உடைந்த தாழிக்குள் மண்ணும் வேரும் எறும்பும் போய் எல்லாவற்றையும் கலக்கிவிடும். எலும்பும் அப்படித்தான். மூடி உடைந்த தாழியில் எலும்பு பெரும்பாலும் தொட்டால் பொடிகிறது. உள்ளிருக்கும் புரதம் போய்ச் சுண்ணச்சத்து மட்டும் மிஞ்சிய பழைய எலும்பை நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதன் நுண்துளைகள் ஈரத்தை இழுக்கும். கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் பழைய கைகள் இப்படித்தான் பார்த்தார்கள். இப்போது அதைச் செய்ய விடுவதில்லை. மரபணு ஆய்வுக்கு நம் எச்சில் கலக்கக் கூடாது. சரிதான்.

கல்லானதைக் கும்பிடுகிற வீடுகளும் எங்கள் ஊரில் இருக்கின்றன. கள்ளபிரான் சன்னதிப் பக்கம் என் பள்ளித் தோழன் ஒருவனின் அப்பா இருந்தார். சாளக்கிராமத்துக்குத் தினமும் திருமஞ்சனம் செய்யாமல் தண்ணீர் குடிக்க மாட்டார். வயதான காலத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏண்டா, நீ இதெல்லாம் படிச்சவன். இது ஏதோ நத்தையோட கூடுன்னு பேரன் சொல்றான். நிஜமா?" என்று கேட்டார்.

மழுப்பிவிட மனம் வரவில்லை. சுமார் பதினைந்து கோடி ஆண்டுக்கு முன் இமயமலை இருந்த இடத்தில் கடல் இருந்தது. அதில் நீந்திய அம்மோனைட் என்ற உயிரின் சுருள் கூடு சேற்றில் புதைந்தது. சேறு அதைச் சுற்றி இறுகி உருண்டைக் கல்லானது. பிறகு பல கல்லில் கூடு கரைந்தே போய், அது இருந்த இடத்தின் சுருள் வரி மட்டும் நின்றது. மலை உயர்ந்தபோது கடலடி மேலே போனது. கண்டகி ஆறு அதை அறுத்து உருட்டிக்கொண்டு வருகிறது என்று சொன்னேன். "நத்தை இல்லை மாமா, கணவாய்க்குத் தாயாதி. சக்கரம்னு நீங்க சேவிக்கிறது அது வளர வளரக் கட்டிக்கிட்ட அறைகளோட சுவடு."

அவர் முகம் வாடும் என்று பயந்திருந்தேன். வாடவில்லை. "வஜ்ரகீடம்னு ஒரு புழு உள்ளே இருந்து குடைஞ்சுதுன்னு பெரியவா சொல்லுவா. ஏதோ ஒரு ஜீவன் உள்ளே இருந்ததுன்னு அவாளுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்றார். பிறகு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ உள்ளே இருந்தவன் போயிட்டான், அவன் இருந்த எடம்தான் இருக்கு" என்றார். வேறு யாரும் இந்த விஷயத்தை அவ்வளவு துல்லியமாக என்னிடம் சொன்னதில்லை.

இந்தத் தொழிலில் நாற்பது வயதைத் தாண்டினால் போதும், நம்மையும் ஃபாசில், புதைபடிவம் என்பார்கள். புதிய கருவி வந்து, நாம் பழைய முறையில் ஒன்றைச் செய்தால் உடனே அந்தப் பேச்சு வரும். பேச்சு வழக்கில் அதற்கு ஒரே பொருள்: மாறாமல் அப்படியே உறைந்துபோனவர். இது என்னை உறுத்துவதற்குக் காரணம் அது என்மேல் வந்து விழுகிறது என்பதல்ல. ஒரு மனிதரையோ சமூகத்தையோ அப்படிச் சொல்லிவிட்டால் அதன்பின் அவரை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. நான் கையில் எடுத்துப் பார்த்த ஒன்றுகூட மாறாமல் இருந்ததால் தங்கியதில்லை. மாறாமல் இருக்கப் பார்த்த மரம் மட்கிப்போனது. தன் அணு அணுவையும் விட்டுக்கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பை வாங்கிக்கொண்ட மரம்தான் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். ஸ்ரீவைகுண்டத்தின் நடுவே மண்சுவர் எழுப்பி, அதற்குள் கோட்டைப் பிள்ளைமார் வாழ்ந்தார்கள். பெண்கள் சுவரைத் தாண்டி வெளியே வருவதில்லை, வெளி ஆண்கள் உள்ளே போவதில்லை, கல்யாணம் அவர்களுக்குள்ளேயே. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் குடும்பங்கள் வெளியேறின, சுவர் சரிந்தது. சமூகவியலாளர் கமலா கணேஷ் அவர்களோடு பழகி ஆராய்ந்து எழுதிய நூல் 1993-இல் வந்தது. எங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட புத்தகங்கள் குறைவு.

வெளியூர்க்காரர்கள் கேட்கும்போது ஊரில் எளிதாக ஒரு பதில் சொல்வார்கள்: "அது அப்படியே கெடந்த கூட்டம், காலமே நகராத எடம்." சிறுவனாக அந்தச் சுவரின் வெளிப்பக்கம் நடந்து போனவன் நான். மண்சுவர் என்றால் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கரையும்; மழை விட்டதும் பூசியாக வேண்டும். பூசாமல் விட்ட மண்சுவர் நாலைந்து மழைக்காலம் தாங்காது. நூற்றாண்டுக் கணக்கில் அது நின்றது என்றால், ஒவ்வோர் ஆண்டும் புது மண் ஏறிக்கொண்டே இருந்தது என்று பொருள். சுவருக்கு உள்ளேயும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆண்கள் வெளியே போய் நிலம் பார்த்தார்கள், வழக்கு நடத்தினார்கள், படித்தார்கள். வெளியே நடந்த ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வடிவில் உள்ளே போயிருக்கும். அந்தப் பெண்களின் வாழ்க்கை அடைபட்டது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தெரு பார்க்காமல் போனது பெரிய இழப்பு. ஆனால் அவர்கள் உறைந்து கிடந்தார்கள் என்பது உண்மையாகாது. சுவர் என்ற உருவைக் காப்பாற்ற அவர்கள் எத்தனை விஷயத்தை ஓசையில்லாமல் மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கிறவனுக்குத்தான் அந்த இழப்பின் அளவும் தெரியும்.

உயிரியலிலும் இந்தத் தவறான பார்வைக்கு அடி விழுந்திருக்கிறது. குற்றாலத்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று ஒரு பெரிய கூம்பை விற்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைகஸ் மரத்தின் ஆண் கூம்பு அது. டைனோசர் காலத்து மரம், அன்றிலிருந்து மாறாதது, வாழும் புதைபடிவம் என்று எல்லாப் பாடப்புத்தகமும் எழுதியது. 2011-இல் மரபணுக்களை ஒப்பிட்டு வந்த ஆய்வு, இன்று உலகில் இருக்கும் சைகஸ் குடும்பத்து இனங்களில் பெரும்பாலானவை கடந்த ஒன்றே கால் கோடி ஆண்டுக்குள்தான் கிளைத்தவை என்று காட்டியது. டைனோசர்கள் போய் ஆறரைக் கோடி ஆண்டு ஆகிறது. தோற்றம் பழையது, உள்ளே ஓடுவது புதிது. எங்கள் பொதிகை மலைச் சரிவில் நிற்கிற மரமும் தன் திருப்பணியை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

தோண்டி எடுத்த பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன். மூவாயிரம் ஆண்டு மண்ணோடு ஒரு சமாதானத்துக்கு வந்திருந்த இரும்பு, வெளிக்காற்று பட்டதும் மறுபடி அரிக்கத் தொடங்கும். கடல் பக்கத்து மண்ணில் குளோரைடு உப்பு அதிகம். அது உள்ளே இருந்தால் சில வாரத்தில் துருவின் மேல் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் வியர்வைத் துளி போலப் பூக்கும். அதைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அடுத்து மேலோடு பாளம் பாளமாக வெடித்துக் கழலும். கழல்வது முதலில் அந்த மேல்பரப்புதான், மரமும் துணியும் இருக்கிற பரப்பு. தோண்டுவதற்கு ஒதுக்குகிற பணமும் ஆட்களும் உற்சாகமும் இந்தப் பக்கம் வருவதில்லை. தங்கப் பட்டம் கிடைத்தால் படம் எடுக்க எல்லோரும் வருவார்கள். துருப்பிடித்த நூறு இரும்புத் துண்டுக்கு ஈரமில்லாத ஓர் அறை கேட்டால் ஆள் இருக்காது. எழும்பூரில் பரமசிவன் தொடங்கியதைப் போன்ற ஒரு கூடம் தாமிரபரணிக் கரையில் வேண்டும். தோண்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, தோண்டத் தொடங்குவதற்கு முன்பே.

2023 டிசம்பர் வெள்ளம் இதை இன்னும் நெருக்கமாக உணர வைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. ஊர் துண்டிக்கப்பட்டது. தண்ணீர் வடிந்த பிறகு வாழைத் தோட்டங்களுக்குள் நடந்து போனேன். சில இடங்களில் மணல் முழங்கால் வரை மூடியிருந்தது. வாழை, வேலிக்கம்பு, ஒரு மாட்டுத்தொட்டி எல்லாம் ஒரே இரவில் மண்ணுக்குள். பிழைப்பை இழந்து நிற்கிறவர்களின் முன்னால் படிவம் உருவாகும் விதத்தைப் பற்றிப் பேச முடியாது, பேசவும் இல்லை. ஆனால் திருவக்கரை மரங்கள் எப்படிப் புதைந்தன என்பதை அன்றுதான் காலில் உணர்ந்தேன். அன்று என் கவலை முழுக்க இரும்பு இருந்த பெட்டிகளைப் பற்றியது. அவை இருந்த அறைக்குள் தண்ணீர் வரவில்லை. காற்றின் ஈரம் வந்துவிட்டது. பெட்டிகளில் ஈரத்தை உறிஞ்ச வைத்திருந்த நீல சிலிக்கா ஜெல் முழுக்க ரோஜா நிறமாகியிருந்தது. மின்சாரம் திரும்பி வந்ததும் அதை அடுப்பில் காயவைத்து, நீலமாக்கி, மறுபடி நிரப்பினோம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் ஒரு வாள் இருக்கிறது. கைப்பிடியில் மர ரேகை, நடுவில் ஒரு கை அகலத்துக்குத் துணிச் சுவடு. உள்ளே குளோரைடு இருப்பது சோதனையில் தெரிந்துவிட்டது. உப்பை எடுக்க வேண்டும் என்றால் காரக் கரைசலில் மாதக் கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறினால் இரும்பு பிழைக்கும். துருவாகி நிற்கும் மரமும் துணியும் இளகிக் கழன்றுவிடலாம். ஊறப்போடாவிட்டால் துணியும் மரமும் இப்போதைக்கு நிற்கும். உள்ளே உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், ஒருநாள் மொத்தமாக வெடிக்கும். எங்கள் அறையில் இதைப் பற்றி நடந்த விவாதத்தில் இளையவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். உலோகத்தைக் காப்பாற்றுவதுதான் முறை என்றாள் ஒருத்தி. வாள் செய்யத் தெரிந்த கொல்லர் நிறையப் பேர், அவர்கள் செய்தது நிறையக் கிடைக்கும். இந்தத் துணியை நெய்தவர் வேறெங்கும் நமக்குக் கிடைக்க மாட்டார் என்றான் இன்னொருவன். நான் அவன் பக்கம் நின்றேன்.

ஆகவே வாள் இன்னும் ஊறப்போகவில்லை. காற்றுப் புகாத பெட்டியில், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே, அளவுப் பட்டையோடு இருக்கிறது. துணிச் சுவட்டை முழுக்கப் படமெடுத்து, இழைகளை எண்ணி, முறுக்கின் திசையைக் குறித்து வைத்தாகிவிட்டது. துணியைத் தொந்தரவு செய்யாமல் உப்பை மட்டும் எடுக்கிற முறை ஒன்று என்றாவது வரலாம். அது வரைக்கும் பெட்டியைத் திங்கட்கிழமைதோறும் பார்க்க வேண்டும். பார்த்தவர் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இப்போது அதில் கையெழுத்துப் போடுகிறவள், ஊறப்போட வேண்டும் என்று வாதாடிய அதே பெண்தான்.